கருத்தரங்கு என்னும் நாற்றங்கால்

(இளம் அறிவியல் – வேதியியல், இரண்டாம் ஆண்டு)

"வேதியியல் படிக்கும் உனக்கு வரலாற்றுத் துறையில் என்ன வேலை?" என்று என் வகுப்பு நண்பர்கள் ஓராண்டாகக் கேட்டு வருகின்றனர். கேள்வி நியாயமானதே. அமிலமும் காரமும் அளக்க வந்தவன் அரசர்களையும் ஆண்டுகளையும் தேடி ஏன் போக வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் வரலாற்றுத் துறையின் கருத்தரங்கிற்குச் சென்றது அறிவுத் தாகத்தினால் அன்று. அன்று பிற்பகல் ஆய்வுக்கூட வகுப்பு இல்லை. மூலக்குளம் செல்லும் என் பேருந்திற்கோ இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கருத்தரங்கு அறையில் மின்விசிறி நன்றாகச் சுழன்றது. கடைசி வரிசையில் போய் அமர்ந்தேன்.

அறிவிப்புப் பலகையில் அந்தப் பருவத்திற்கான தலைப்புகளை எழுதியிருந்தார்கள். பண்டைய உலகின் கடல் வாணிகம், கல்வி நிலையங்களின் வரலாறு, அடிமை ஒழிப்பும் தொழிலாளர் இயக்கமும், காலனி ஆட்சியின் முடிவு என நான்கு தலைப்புகள். நான்கும் உலகம் தழுவியவை. 'இவற்றிற்கும் எனக்கும் என்ன தொடர்பு?' என்று எண்ணினேன். பருவம் முடிந்தபோது அவ்வெண்ணம் அடியோடு மாறியிருந்தது. அந்த நான்கு தலைப்புகளுக்கும் உரிய சான்றுகள் எங்கள் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்திலேயே இருக்கின்றன. அது மட்டுமன்று, அவற்றுள் ஒன்றுக்கு என் ஆயாவின் கைகளே சான்றாயின. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சொல்லும் பொருளும்

கருத்தரங்கை ஆங்கிலத்தில் செமினார் என்கிறோம். இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'செமினாரியம்' என்றால் விதை விதைத்துக் கன்று வளர்க்கும் இடம், அதாவது நம் ஊர் நாற்றங்கால் என்று பேராசிரியர் விளக்கினார். எனக்கு அந்த நொடியிலேயே தூக்கம் கலைந்தது. நாற்றங்காலைப் பற்றி எனக்குத் தெரியும். நூலில் படித்துத் தெரிந்ததன்று. சேற்றில் நின்று தெரிந்தது.

நாற்றங்கால் விளைநிலம் அன்று. அங்கே கதிர் அறுப்பதில்லை. விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டி, நெருக்கமாகத் தெளித்து, சில வாரங்கள் வளர்த்துப் பிறகு பிடுங்கி வேறு வயலில் நடுகிறோம். கருத்தரங்கும் அத்தகையதே. அங்கே முடிந்த முடிபுகளை அறுவடை செய்வதில்லை. கருத்துக்களை முளைக்கவிட்டு, தேறியவற்றை மட்டும் பிடுங்கி நடுகிறார்கள்.

வரலாற்றுத் துறையில் இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர் செருமானிய அறிஞர் இராங்கே. 1825 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், மாணவர் சிலரை அழைத்து வைத்துக்கொண்டு மூல ஆவணங்களை வரிவரியாக ஆராயப் பழக்கினார். வகுப்பில் ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பர். கருத்தரங்கிலோ மாணவர் சொல்ல அனைவரும் கேள்வி கேட்பர். 'இதற்குச் சான்று யாது?' என்பதே அங்கு முதற் கேள்வி. சோதனை செய்யாமல் ஒரு கரைசலின் பெயரைச் சொன்னால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எத்தகைய மரியாதை கிடைக்குமோ, சான்றில்லாமல் பேசுபவருக்கு அதே மரியாதைதான் அங்கும் கிடைத்தது.

மண்ணுக்குள் ஒரு துறைமுகம்

முதல் தலைப்பு கடல் வாணிகம். கட்டுரை வாசித்த மூன்றாம் ஆண்டு மாணவி அரிக்கமேட்டிலிருந்து தொடங்கினார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அந்த மேட்டை நம்மில் பலர் பேருந்தில் கடந்து போயிருப்போம். இறங்கிப் பார்த்தவர் சிலரே.

1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் காட்சியை அளப்பதற்காகப் புதுச்சேரியில் காத்திருந்தார் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல். அந்த நாளில் மேகம் மறைத்துவிட்டது. பல ஆண்டுக் காத்திருப்பு வீணாயிற்று. ஆனால் அவர் இப்பகுதியில் கண்ட பழைய இடிபாடுகளைக் குறித்து வைத்தார். வானத்தைப் பார்க்க வந்தவருக்கு மண்ணைப் பார்க்கும் கண்ணும் இருந்தது. அறிவியல் மாணவர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். இத்தாலி நாட்டின் அரெட்சோ நகரத்துப் பாணியில் செய்த சிவப்புப் பளபளப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அப்பாண்டங்களின் காலம் இத்தாலியில் முன்னரே தெரிந்த ஒன்று. ஆகவே அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பாண்டங்களின் காலத்தையும் கணிக்க வழி பிறந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு இதனால் ஓர் உறுதியான காலக்கோல் கிடைத்தது. செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு செறிவு தெரியாத கரைசலை அளக்கும் எங்கள் தரம்பார்த்தலும் இதுவும் ஒன்றே அன்றோ!

வீலர் இவ்விடத்தை உரோமானிய வாணிக நிலையமாகக் கண்டார். பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு இக்கருத்தைத் திருத்தியது. உரோமானிய வாணிகம் வருவதற்கு முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர். அவ்வாணிகம் ஓய்ந்த பின்னரும் வாழ்ந்தனர். இங்கு வாழ்ந்தவர்கள் கண்ணாடி மணிகளைச் செய்து கடல் கடந்து அனுப்பினர். உருளைக் கோடுகள் இட்ட மெல்லிய பாண்டங்களை வெளிநாட்டுச் சரக்கு என்று முதலில் கருதினர். பின்னாளில் அவற்றின் களிமண்ணை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்தபோது, அவை இந்திய மண்ணில் வனையப்பட்டவை என்று தெரியவந்தது. ஒரு பேரறிஞரின் முடிபைக் கைப்பிடிக் களிமண் மாற்றியது. வேதியியலுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்ட நண்பர்களுக்கு இது என் முதல் விடை.

பாகூர்க் கல்லூரியில் படித்தவர் யார்?

இரண்டாம் தலைப்பு கல்வி நிலையங்களின் வரலாறு. இங்குதான் நான் வாய் திறந்தேன், மாட்டிக்கொண்டேன்.

கட்டுரையாளர் நாளந்தாவைப் பற்றிப் பேசினார். இத்தாலியின் பொலோனா, பிரான்சின் பாரிசு ஆகிய இடைக்காலப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசினார். பிறகு பாகூருக்கு வந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் வடமொழியும் தமிழும் கொண்டவை. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்களின் வருவாய் பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்திற்கு வழங்கப்பட்டதை அவை தெரிவிக்கின்றன. அடுத்து திருபுவனை. எங்கள் ஊர் வழியாகச் செல்லும் விழுப்புரம் பேருந்தில் வில்லியனூரைத் தாண்டிப் போனால் வருவது அவ்வூர். முதலாம் இராசாதிராச சோழன் காலத்தில், 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி அங்கு 260 மாணவர்கள் படித்தனர். 12 ஆசிரியர்கள் கற்பித்தனர். இக்கல்லூரிக்கு உரிய நிலம் 72 வேலி. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்திலும் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இருந்தது.

"ஆகவே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கல்லூரியில் பயின்றனர்" என்று கட்டுரையாளர் முடித்தார். கைதட்டல் எழுந்தது. என் கைகள் எழவில்லை. என் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். என் ஆயாவுக்குக் கைநாட்டுத்தான். 'நம் முன்னோர்' என்ற சொல்லுக்குள் அவர்கள் இருக்கிறார்களா?

எழுந்து நின்று அதைத்தான் கேட்டேன். "நம் முன்னோர் என்றால் யார்? என்னைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் அங்குப் படித்தார்களா?"

அறை அமைதியாயிற்று. பேராசிரியர் புன்னகையுடன், "நல்ல கேள்வி, தம்பி. படித்தார்கள் என்றோ படிக்கவில்லை என்றோ சொல்ல உங்களிடம் சான்று உண்டா?" என்றார். என்னிடம் கோபம் இருந்தது, சான்று இல்லை. "அடுத்த கூட்டத்திற்குப் பத்து நிமிடக் குறிப்பு ஒன்று எழுதி வாருங்கள்" என்று சொல்லி என்னை அமர வைத்தார்.

ஒரு நடவின் கணக்கு

நூலகத்தில் உட்கார்ந்தேன். அக்கல்லூரிகளில் கற்பித்தவை பெரும்பாலும் வேதம், வடமொழி இலக்கணம், சாத்திரங்கள் ஆகியவை. வேதம் ஓதும் உரிமை அன்று யாருக்கு இருந்தது என்பது நாம் அறிந்ததே. ஆகவே அங்கு ஊரார் அனைவரும் பயிலவில்லை என்பது தெளிவு. ஆசிரியர் இத்தனை பேர், மாணவர் இத்தனை பேர், நிலம் இவ்வளவு என்று கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. நிலத்தில் இறங்கி வேலை செய்தவர் எத்தனை பேர் என்று அது சொல்லவில்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

அன்றிரவு ஆயாவிடம் கேட்டேன். "ஆயா, ஒரு ஏக்கர் நட எத்தனை ஆளு வேணும்?"

"நாத்தை எடுத்துக் கொடுத்துட்டா, பதினஞ்சு பொம்பளைங்க ஒரு நாள்ல நட்டுக் கரையேறிடுவோம். ஏன்டா, நீ நடவுக்குப் போகப் போறியா?" என்றார்.

இன்றைய வழக்கில் ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர். சோழர் காலத்தில் நிலமளக்கும் கோல் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆயினும் இன்றைய அளவையே வைத்துக்கொண்டால் 72 வேலி என்பது ஏறத்தாழ 480 ஏக்கர். ஏக்கருக்குப் பதினைந்து பேர் எனில், ஒரே ஒரு நடவிற்கு மட்டும் 7,200 ஆள்நாள் உழைப்பு. உழவு, களையெடுப்பு, அறுவடை, போரடிப்பு எல்லாம் இதற்கு மேல்.

இதைத்தான் குறிப்பாக எழுதி வாசித்தேன். "260 மாணவரும் 12 ஆசிரியரும் கல்வெட்டில் இருக்கின்றனர். ஒரு நடவின் 7,200 ஆள்நாள் கல்வெட்டில் இல்லை. கல்லூரி என்று நாம் பெருமைப்படுவது இவ்விரண்டும் சேர்ந்ததுதான்" என்று முடித்தேன்.

கைதட்டலை எதிர்பார்த்தேன். கேள்விகள்தாம் வந்தன. 72 வேலியும் நன்செய்தானா? முழுவதையும் ஒரே பருவத்தில் நட்டிருப்பார்களா? ஆயா சொல்லும் பதினைந்து பேர்க் கணக்கு அன்றைய நெல்வகைக்கும் பொருந்துமா? பதில் சொல்ல வியர்த்துவிட்டது. "இது மேல்வரம்பு. உண்மையான எண் இதற்குக் குறைவாக இருக்கலாம், ஆனால் 272 பேரைக் கொண்டு அந்த நிலம் விளைந்திருக்க முடியாது" என்றேன். பேராசிரியர் தலையசைத்தார். கட்டுரையாளர் தம் கட்டுரையில் 'நம் முன்னோர் பயின்றனர்' என்பதை, 'நம் ஊர்களின் விளைச்சலால் கல்லூரிகள் நடந்தன' என்று திருத்திக்கொண்டார். ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த வரியில் என் ஆயா இருந்தார்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். உழுதவன் கணக்கைப் பார்க்காமல் விட்டால் வரலாற்றுக்கே உண்மை மிஞ்சாது என்று அன்று கற்றேன்.

கப்பலும் ஆலையும்

மூன்றாம் தலைப்பில் அடிமை ஒழிப்பும் தொழிலாளர் இயக்கமும் இணைந்து வந்தன. 1848இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கேட்க இனிக்கும் செய்தி. ஆனால் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் தேவை ஒழியவில்லை. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரீயூனியன் தீவிற்குக் கப்பல் ஏறினர். 1853 முதல் மார்த்தினிக்குத் தீவிற்கும், 1854 முதல் குவாதலூப்புத் தீவிற்கும் இந்தியக் கூலிகள் கொண்டு செல்லப்பட்டனர். ரீயூனியனில் அவர்களின் வழிவந்தவர்களை இன்றும் 'மலபார்' என்றே அழைக்கின்றனர். ஓர் இடத்தில் விலங்கு உடைந்த ஓசை, இன்னோர் இடத்தில் கைநாட்டு வைக்கும் ஓசையாகக் கேட்டது.

அதே உலகத் தொடர்பு நன்மையாகவும் வந்ததுண்டு. 1936 சூலை 30ஆம் நாள் புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. பன்னிருவர் உயிர் நீத்தனர். அவ்வாண்டுதான் பிரான்சில் தொழிலாளர் எழுச்சியும் மக்கள் முன்னணி அரசும் தோன்றியிருந்தன. இங்குள்ள தொழிலாளரின் போராட்டமும் அங்குள்ள மாற்றமும் சேர்ந்து, 1937இல் புதுச்சேரிக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டத்தைக் கொண்டுவந்தன.

என் தாத்தா பின்னாளில் ஆலையில் தறி ஓட்டியவர். சங்கு ஊதியதும் கிளம்பி, எட்டு மணி நேரம் முடித்துச் சைக்கிளில் மூலக்குளம் திரும்புவார். சங்கு ஊதினால் வீட்டுக்கு வரலாம் என்பது இயற்கையின் விதி என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். அதற்குப் பன்னிரண்டு உயிர் விலை என்பதை அந்த அறையில்தான் அறிந்தேன்.

கீழூரில் 178 வாக்குகள்

கடைசித் தலைப்பு காலனி ஆட்சியின் முடிவு. அல்சீரியாவிலும் வியத்துநாமிலும் பிரெஞ்சு ஆட்சி நீண்ட போருக்குப் பின் நீங்கியது. இங்கோ வில்லியனூருக்கு மேற்கே கீழூர் என்னும் சிற்றூரில், 1954 அக்டோபர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் முடிவு கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர், எண்மர் எதிர்த்தனர். 1954 நவம்பர் 1இல் ஆட்சிப் பொறுப்பு கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகசுட்டு 16இல்தான் நிறைவேறியது.

எது விடுதலை நாள் என்று இரு மாணவர்கள் மோதிக்கொண்டனர். ஒருவர் ஆட்சி மாறிய நாளைச் சொன்னார். மற்றவர் சட்டம் நிறைவேறிய நாளைச் சொன்னார். "178 பேர் வாக்களித்ததை மக்கள் வாக்கெடுப்பு எனலாமா?" என்று மூன்றாமவர் கேட்டார். போர் இன்றி முடிந்தது பெருமை என்று ஒரு பக்கம், வாக்குச்சீட்டு என் ஆயாவைப் போன்றோரின் வீடுகளுக்கு வரவில்லையே என்று மறுபக்கம். விவாதம் முடியவில்லை, பேருந்துக்கு நேரம் ஆகிவிட்டது. ஆனால் மோதிய மூவரும் ஒரே பேருந்தில் ஒன்றாக நின்றுகொண்டு வந்தனர்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாணவ நண்பர்களே! வரலாறு மனப்பாடம் செய்யும் பாடம் என்று நானும் எண்ணியிருந்தேன். அது விசாரித்து அறியும் பாடம். எந்தச் சான்று கையில் கிடைத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்? எதை எழுதாமல் விட்டார்? விட்டதை வேறு எங்கே தேடலாம்? இந்த நான்கும் தெரிந்தவன் எந்தத் துறையைச் சேர்ந்தவனாயினும் கருத்தரங்கில் அமரத் தகுதி உடையவன்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் என்னைப் போல் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வீட்டில் நூல் இல்லையே என்று நாம் கூச வேண்டியதில்லை. நூலில் ஏறாத சான்றுகள் நம் வீடுகளில் இருக்கின்றன. நிலப்பத்திரம், ஆலைச் சம்பளச் சீட்டு, ரேசன் அட்டை, பாட்டிமாரின் நினைவு ஆகியவற்றைப் பதிந்து வைப்பவர் நாமாகவே இருக்க வேண்டும். நெல்வகைகளும் நடவுப் பெண்களின் கூலியும் சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நடவு இயந்திரம் எங்கள் பக்கத்து வயல்களிலும் இறங்கிவிட்டது. பதினைந்து பேர்க் கணக்கை இன்னும் பத்தாண்டு கழித்து யாரிடம் போய்க் கேட்பது?

இக்கட்டுரையை எழுதி முடித்து ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கருத்தரங்கு என்றால் நாற்றங்கால் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "நாத்தங்கால்லயே விட்டு வச்சா முத்திப் போயிடும்டா. நாள் பார்த்துப் பறிச்சு நட்டாத்தான் நெல்லு" என்றார்.

அறையில் முளைத்ததை ஊருக்குக் கொண்டுபோய் நட வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல இயலாது. அடுத்த கருத்தரங்கிற்கு நீங்களும் வாருங்கள். வரும்போது உங்கள் ஊரிலிருந்து ஒரு சான்றையும் எடுத்து வாருங்கள்.